கேட்காத ஐநூறு

நேற்று சென்னையிலிருந்து திரும்பும் ரயிலில், மீஞ்சூரில் ஒரு அம்மா பிரியாணிப் பொட்டலத்தோடு ஏறினாள். எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பட்டையும் புதினாவும் நெய்யும் கலந்த அந்த வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த அம்மா பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவளுக்கு முழுக் கதையையும் சொல்லியிருப்பாய். உனக்கு ரயிலில் சிநேகம் பிடிக்க ஒரு ஸ்டேஷன் தூரம் போதும்.

நீ இல்லாததால் உனக்கே சொல்கிறேன்.

மகளைக் கட்டிக்கொடுத்த மறு வருஷம் எனக்கு முதலாளி ஆகும் ஆசை வந்தது. கம்பி ஆலையில் இருபது வருஷம் நெருப்பு முன்னால் நின்றது போதும் என்று சொல்லி, பழைய லோடு வண்டி ஒன்றை வாங்கினேன். பாதிப் பணம் ஃபைனான்ஸ், மீதி உன் சங்கிலியை அடகு வைத்தது, அதுவும் போதாமல் நீ மகளிர் குழுவில் கடனாக வாங்கித் தந்தது. எட்டாவது மாதம், எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால், ஏற்றிய சரக்கோடு என்ஜின் உட்கார்ந்துவிட்டது. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஆலைக்கே போனேன். வண்டி போய்விட்டது, கடன் மட்டும் நின்றது.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. கார் உதிரிபாகக் கம்பெனியில் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாய். "ரெண்டு சம்பளமும் கடனுக்கு. சோத்துக்கும் வாடகைக்கும் போக ஒத்த ரூபா வெளிய போவக்கூடாது" என்றாய். நானும் தலையாட்டினேன். அப்போது நமக்கு அது பெரிய வீரமாகத் தெரிந்தது.

மூன்று மாதத்தில் நாம் இரண்டு பேரும் திருடர்களாகிவிட்டோம்.

அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறதா? கத்திரி வெயில் கொளுத்திய மாதம். என் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பாக்கெட்டில் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டாய்.

"இன்னாய்யா இது?"

"மிஷின் ஆயிலு."

நீ சட்டையை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாய். "உங்க கம்பெனி மிஷினுக்கு சோம்பு போட்டா ஆயில் ஊத்துறானுங்க?"

மாட்டிக்கொண்டேன். மசால் வடை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, சக வேலையாட்கள் யாரும் பார்க்காமல் தின்றுவிட்டு, மிச்சம் ஒன்றைப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். வெட்கம் கோபமாக மாறுவதற்கு எனக்கு எப்போதுமே அதிக நேரம் பிடிக்காது. உன்னை மடக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். உன் காலில் சாக்ஸ் இருந்தது. ஒரு வாரமாக வீட்டிலும் அதைக் கழற்றாமல் இருந்தாய்.

"அது கெடக்கட்டும். நீ இன்னாத்துக்கு ஊட்டுக்குள்ள சாக்ஸ் போட்டுக்கினு கீற?"

"குளுருது."

"இந்த வெயில்லயா?"

குனிந்து ஒரு சாக்ஸை உருவினேன். ஐந்து விரலிலும் செக்கச்செவேல் என்று நகப்பூச்சு.

நான் சிரித்தேன். நீயும் சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாய். "நாப்பது ரூபா டப்பு. கம்பெனி ஷூவுக்குள்ள போட்டுக்கினா யாருக்கும் தெரியாதுன்னு போட்டேன். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு. கடைசில நம்ம ஊட்லயே ஒளிஞ்சிக்கினு கீறேன்யா. நம்ப இன்னா திருடங்களா?"

கோபம் வரும்போதும் அழுகை வரும்போதும் மட்டும் உன் வாயில் அம்மா வீட்டுத் தெலுங்கு எட்டிப் பார்க்கும். பணம் டப்பு ஆகிவிடும். அன்றைக்கு அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. எளாவூருக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்கு நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப அதிக நாள் ஆகாது என்று தோன்றியது. கடன்காரன் வாசலில் வந்து நின்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பேச்சைத் தொடங்கியது நீதான். மாதம் ஆளுக்கு ஐநூறு. அவரவர் பணம், அவரவர் இஷ்டம். மற்றவர் கேட்கக் கூடாது.

"ஐநூறா? முந்நூறு போதும்மே. கடன் முடிய இன்னும் லேட்டாவும்."

"ஆவட்டும். லேட்டா முடிஞ்சாலும், முடியறப்போ நம்ப ரெண்டு பேரும் ஒரே ஊட்ல இருக்கணும்."

ஆனாலும் விடாமல், டீக்கடையில் நாலு பேருக்கு நானும் ஒரு நாள் வாங்கித் தர வேண்டியிருக்கும், எனக்கு நூறு சேர்த்துக் கொடு என்று பேரம் பேசினேன். சம்பளமும் எனக்குத்தான் அதிகம் என்றேன்.

"கடன் வாங்குனதும் நீதான் அதிகம்" என்றாய். பேரம் அதோடு முடிந்தது.

முதல் மாதம் அந்த ஐநூறை வாங்கிக்கொண்டு போய், ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோருக்கும் நடுவில் நின்று இரண்டு வடை தின்றேன். அந்த ருசியை உனக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்றுதானே விதி.

விதியின் கஷ்டம் பிறகுதான் தெரிந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தலை வாரி, நல்ல புடவை கட்டி, "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாய். மூன்று மணி நேரம் கழித்து முகம் பளபளவென்று வந்து நிற்பாய். எங்கே என்று கேட்கக் கூடாது. எனக்கு நாக்கு நுனி வரை வரும். ஒருமுறை ஸ்டேஷன் வரை உன் பின்னாலேயே வந்துவிட்டேன். நீ பெண்கள் பெட்டியில் ஏறியதைப் பார்த்தேன். ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது, நானும் ஏற ஒரு காலை எடுத்து வைத்தேன். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ரயிலைப் போகவிட்டேன். நான் செய்த பெரிய காரியங்களில் அது ஒன்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நீ அதை நம்பவே இல்லை.

ஏனென்றால் அன்றைக்குத்தான் மீஞ்சூரில் அது நடந்தது. ரயிலைப் போகவிட்ட பிறகு பசித்தது. பையில் என் ஐநூறு முழுசாக இருந்தது. அடுத்த ரயிலைப் பிடித்து மீஞ்சூரில் இறங்கி, கம்பெனியில் எல்லோரும் பெருமையாகப் பேசும் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தேன். மூலையில், ஃபேனுக்கு நேர் கீழே, நீ!

முழுப் பிளேட். கண்ணை மூடிக்கொண்டு ஒரு எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தாய். இருபத்தைந்து வருஷத்தில் நீ அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, குண்டானில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, நின்றபடியே சாப்பிட்டு முடிப்பவள். இங்கே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். ஒரு நொடி திகைத்தாய். அப்புறம் யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாய்.

"அண்ணே, அந்தாண்ட குந்திக்கினு கீறாரே, அவருக்குக் கத்திரிக்கா கொஞ்சம் ஜாஸ்தியா வையி. பாவம், பாக்க பசியா கீறாரு."

நாம் தனித்தனி மேசையில் சாப்பிட்டோம். தனித்தனியாகப் பணம் கொடுத்தோம். திரும்பும் ரயிலில் மட்டும் நீ பெண்கள் பெட்டிக்குப் போகாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அனுப்பம்பட்டு தாண்டியதும், "ஏங்க, உங்களுக்கு எந்த ஊரு?" என்றாய்.

"கும்மிடிப்பூண்டி."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சிங்க."

"ஊட்டுக்காரம்மா எப்டி?"

"பேஜாருதான். ஆனா நல்லவங்க."

நீ வெடித்துச் சிரித்தாய். நானும்தான். பொன்னேரி தாண்டியும் நிற்கவில்லை. ஏதோ புதிதாகக் கல்யாணம் ஆனவர்களைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்கப்புறமும் நாம் தனித்தனியாகத்தான் போனோம். பிரியாணிக்குப் போக உன்னிடம் மீந்த பணத்தை என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. நீ சொன்ன மாதிரியே கடன் தாமதமாக முடிந்தது. சங்கிலியை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தவளிடம், "இனிமே அந்த ஐநூறு வாணாம் இல்ல?" என்று கேட்டேன். "ஆமா, வாணாம். எண்ணூறு ஆக்கிடு" என்றாய்.

போன மழைக்காலத்தில் நாலே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அதைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை.

பதினாறாம் நாள் உன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். உன்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவளாம். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும் வரை காத்திருந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணே, சம்பளம் போடுற அன்னிக்கி நாங்கல்லாம் ஊட்ல இன்னா கணக்கு சொல்றதுன்னு பேசிக்கினு இருப்போம். அக்கா மட்டும் சிரிச்சிக்கினே குந்தினு இருக்கும். 'எங்க ஊட்டுக்காரரு ஒரு தபா கூட இன்னா பண்ணேன்னு கேட்டதில்லடி'ன்னு சொல்லும். ஒவ்வொரு மாசமும் சொல்லும் அண்ணே. புதுசா யாராச்சும் சேந்தா அவங்களக் கூப்ட்டு வெச்சி சொல்லும்."

கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நூறு தடவையாவது வாயைத் திறந்து மூடியிருப்பேன். அதை நீ கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நான் வாங்கித் தந்த கம்மலைப் பற்றியோ, கடன் முடிந்த பிறகு கட்டிய இரண்டு அறை வீட்டைப் பற்றியோ நீ எங்கேயும் பேசியதாகக் கேள்விப்பட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்ததை மட்டும் ஒரு கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாய்.

இப்போதும் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வரும். நாற்பது பெண்கள் நடுவில் உட்கார்ந்து, என்னைப் பற்றிப் பெருமை பேசுகிற உன்னை நினைத்துக்கொள்வேன். பஸ் வரும். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை மாதிரி ஏறுவேன்.