தொட்டால் கூசும் தோல்

ஆவணி, ஞாயிறு இரவு

மகளின் முழங்கை மடிப்பில் தோல் வெடித்துக் கிடந்த கரப்பனுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம், எரியுதென்று கத்தினாள். கடல்தொழில் செய்கிற வீட்டில் மீனையும் நண்டையும்கூட நிறுத்திப் பார்த்தோம். குறையவில்லை. "குளிச்ச ஈரத்தோடை தேங்காயெண்ணெயை மட்டும் பூசுங்கோ, மச்சாள்" என்று இவரின் தங்கை சொல்லிவிட்டுப் போனாள். நம்பிக்கையில்லாமல்தான் பூசிவந்தேன்.

இன்று பின்னேரம் கடலால் திரும்பி வந்த இவர், உப்புக் கை பட்டால் எரியும் என்று வழமைபோலத் தள்ளியே நின்றார். மகள் கையை நீட்டினாள். வெடிப்பில்லை, வாழைக்குருத்துப் போலப் புதுத் தோல்.

"தொடலாமோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

கிணற்றடியில் நெடுநேரம் கழுவினார். திரும்பி வந்து ஒரே ஒரு விரலால், பிறந்த பிள்ளையைத் தொடுவதுபோலத் தொட்டார்.

"கூசுதப்பா!" என்று அவள் சிரித்தாள்.

அந்த மடிப்பைத் தொட்டால் சிரிப்பும் வரும் என்று இன்றுதான் கண்டேன்.