எதிர்வீட்டில் மாறிய சேனல்

அக்டோபர் 5
பாடம் நடத்திவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தபோது என் வீட்டுக்காரர் சஃப்வத் மாடு வளர்ப்பு நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அலெக்ஸாண்டிரியாவில் காலமெல்லாம் டிராம் ஓட்டியவருக்கு மாட்டோடு என்ன உறவு? "மாத்தட்டுமா?" என்றேன். வேண்டாமென்று தலையாட்டினார்.

வாதம் வலது கையை முடக்கியதிலிருந்து இப்படித்தான். இடது கை பதறுகிறது. ரிமோட்டில் ஒன்றை அமுக்கப் போய் மூன்றை அமுக்குகிறது. பேச்சு வரும், ஆனால் குழறி வரும். அதை யாரும் கேட்கக் கூடாதென்று வாயையே மூடிக்கொண்டார். சந்துக்கு எதிர்வீட்டு ஹாஜி ரிஸ்க் தினமும் பகடை ஆட வருபவர். அவர் கதவைத் தட்டும்போதெல்லாம், "தூங்குறேன்னு சொல்லிடு" என்பார் இவர். பாவம், அவரும் எத்தனை நாள்தான் தட்டுவார்?

என்னோடு சண்டையாவது போடுங்களேன், மனுஷா. எனக்குப் பயமா இருக்கு.

அக்டோபர் 8
இன்று கணினி வகுப்பில் பிள்ளைகள் கணினியோடு இன்டர்ஃபேஸ் போர்டை இணைத்து, கணினியின் கட்டளையாலேயே விளக்கெரியவிட்டார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். ரிமோட்டைத் திறந்து, பொத்தான்களுக்கு அடியிலிருந்து கம்பி இழுத்து இந்த போர்டில் கொடுத்தால்? விரலுக்குப் பதில் கணினியே அமுக்குமே! அவர் தட்டுவதற்கு வாசல் மணி சுவிட்சுகள் போதும். பெரியவை. உள்ளங்கையால் அடிக்கலாம்.

அக்டோபர் 10
விடுமுறை. ரிமோட்டின் வயிற்றைக் கிழித்துப் போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். விரல் சுட்டுக்கொண்டது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கெடுத்துட்ட."

கெட்டாலும் பரவாயில்லை. பேசினாரே!

அக்டோபர் 12
வேலை செய்கிறது!! முதலில், அலமாரி மேல் வைத்த ரிமோட்டின் சிக்னல் டிவிக்கு எட்டவில்லை. ரிமோட்டின் முனையிலுள்ள அந்தக் குட்டி விளக்கு போதாதென்று, இன்னும் பலமானவற்றைச் சேர்த்தேன். பழைய கணினி கட்டிலடியில், சுவிட்சுகள் அவர் இடது கைப்பக்கம்.

தட்டினார். மாடு போய் செய்தி வந்தது. என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினார். அதன்பிறகு ஒன்றையும் பார்க்கவிடவில்லை, மாற்றிக்கொண்டே இருந்தார். என் தொடரின் முக்கியமான கட்டம் போயே போய்விட்டது. வாய் திறப்பேனா நான்?

அக்டோபர் 15
எதிர்வீட்டில் ஒரே சாம்பிராணிப் புகை. ஹாஜி ரிஸ்க் ஜன்னலில் நின்று தெருவுக்கே முறையிட்டுக்கொண்டிருந்தார். "கண்ணு பட்டுடுச்சு! டிவி தானா மாறுது! ஜின்னு ஏதோ வந்து குந்திக்கிச்சு!" வீட்டுக்குக் காவலாக நாள் முழுக்கக் குர்ஆன் சேனலை ஓதவிட்டிருக்கிறார்.

எனக்குச் சுரீரென்றது. எங்கள் டிவி ஜன்னலோரம். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு துணிக்கொடி தூரம். சேனல் பிடிக்கும் ரிசீவர் பெட்டிகூட இரண்டு பேரும் ஒரே கடையில் சேர்ந்து போய் வாங்கியது, ஒரே ரகம். நான் கூட்டிய வெளிச்சம் சந்துக்கு அப்பால் அவர் பெட்டிவரை போகிறது. நான்தான் அந்த ஜின்!

சொல்லத் திரும்புவதற்குள் சஃப்வத் சுவிட்சைத் தட்டிவிட்டார். எதிர்வீட்டில் ஓதல் நின்று கல்யாணத் தபலா முழங்கியது. ரிஸ்க்கின் மனைவி இன்ஷிராஹ் போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும்: "ஏன்யா, இந்த வயசுல உனக்கு இடுப்பாட்டம் கேக்குதா?"

சஃப்வத் சிரித்தார். தலையணை நழுவி விழுமளவு சிரித்தார். ஓதலை நிறுத்தியதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சமையலறைக்குப் போய் அழுதேன்.

அக்டோபர் 16
வெளிச்சம் வெளியே போகாதபடி ரிமோட்டின் ஜன்னல் பக்கத்தை அட்டை வைத்து மறைத்துவிட்டேன். ரிஸ்க் தன் டிவியை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாராம். "சொல்லிடுங்க," என்றேன். "நீ சொல்லு," என்றார். "மாட்டேன். சிரிச்சது நீங்க. உங்க வாயால சொல்லுங்க."

முகம் கறுத்துவிட்டது.

அக்டோபர் 17
சொல்லவில்லை. சுவிட்சையும் தொடவில்லை. ஃபூல் அவரை மசியலைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டார். அவசரப்பட்டுட்டேனோ? ஒரு சிரிப்பு வந்தது போதாதா எனக்கு?

அக்டோபர் 18
சாயங்காலம் ரிஸ்க் டிவியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சஃப்வத் பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். நான் கை கொடுக்கப் போனேன், தள்ளிவிட்டார். ஜன்னலுக்குப் போய்—

"ரி... ரிஸ்க்கு! அது ஜின்னு இல்லடா! நா... நாந்தான்!"

குழறலோடு சந்து முழுக்கக் கேட்டது. துணி காயப்போட்டவர்கள்கூடத் திரும்பினார்கள். ரிஸ்க் கயிற்றை விட்டுவிட்டு வெறித்துப் பார்த்தார்.

"நீயா? எப்பப் பாத்தாலும் தூங்குறவன் எப்படிடா சேனல் மாத்துன?"

"முழிச்சுக்கிட்டுத்தான்... இருந்தேன்."

"தெரியும்டா, எருமை," என்றார் ரிஸ்க். அவர் குரலும் குழறியது. பிறகு படியேறி வந்து, சஃப்வத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 23
கட்டில் காலி. உயிரே போய்விட்டது எனக்கு. குளியலறையில் இல்லை. வாசலில் செருப்பும் இல்லை.

அப்போது சந்துக்கு அந்தப்பக்கம் பகடை உருளும் சத்தம். ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், ரிஸ்க்கின் சோபாவில் துரை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்கினார்களாம் புருஷனும் பெண்டாட்டியும். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இப்திசாம்! இவன் ரிமோட்டு... தண்டம்! அந்த அட்டைய எடுத்துட்டு... மேட்ச்சு வையி!"

தெருவே கேட்டது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அட்டையை எடுத்தேன். அவர் கட்டிலில் அவர் இடத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன்.

"இன்னும் ஒண்ணு, டீச்சரம்மா!" என்று ரிஸ்க் கத்தினார்.

தட்டினேன்.