கசிவு நிற்கும்வரை

9-11-1998, அடி அண்ணாமலை
மழை விட்டபாடில்லை. எட்டாம் வகுப்புக்கு உணவுப் பாடம் முடித்தேன். புரதம் உடம்பை வளர்க்கும், பழுது பார்க்கும் என்று போர்டில் எழுதிப் போட்டேன். வீட்டுக்கு வந்தால் இவர் உடம்பெல்லாம் சேறு. கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கப்போய், தானும் வழுக்கி விழுந்து மூழ்கியிருக்கிறார். இவர் தம்பி ஆதிமூலம்தான் கயிறு போட்டு இழுத்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.
"தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா குடிச்சிட்டேன் டீச்சரு, அவ்ளோதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

10-11
ஏன் சிரித்தேன்? காலையில் உதடெல்லாம் நீலம். ஒரு வார்த்தைக்கு மூன்று மூச்சு. ஆதிமூலம் வேன் கொண்டுவந்தான். திருவண்ணாமலையில் பார்த்த உடனே வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது தொண்டையில் குழாய். மெஷின்தான் இவருக்கு மூச்சு விடுகிறது.

12-11
டாக்டர் வினோதினிக்கு என் வயதுதான் இருக்கும். கிணற்றுத் தண்ணீர்தான் போய்விட்டதே, பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். நின்று நிதானமாகச் சொன்னார்.
"நுரையீரல்ல சின்னச் சின்ன காத்துப் பைங்க இருக்கு இல்லீங்களா, அதுக்குள்ள மெல்லிசா ஒரு படலம் இருக்கும். மூச்சு வெளிய போறப்ப பை ஒட்டிக்காம காப்பாத்தறது அதுதான். அதுல கொழுப்பு ஜாஸ்தி, புரதம் கம்மி. ஆனா படலத்தைச் சட்டுனு பரப்பிவிடறது அந்தக் கொஞ்சம் புரதம்தான்."
"இப்ப என்னாச்சு?"
"பையோட சுவரு புண்ணாயிடுச்சி. ரத்தத்துல இருக்கிற புரதம் உள்ள கசிஞ்சி, படலம் இருக்க வேண்டிய இடத்தைப் புடிச்சிக்கிச்சி. பை சுருங்கி ஒட்டிக்குது."
புரதமா? கெடுக்குமா? இத்தனை வருஷமா நல்லதுன்னு மட்டும்தானே சொல்லிக்கொடுத்தேன்! வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
"ரத்தத்துல இருந்தா நல்லதுதாங்க. இப்ப இடம் மாறி வந்துடுச்சி. கசிவு நின்னா, நுரையீரலே புதுசா படலம் செஞ்சிக்கும்."
"நிக்குமா டாக்டர்?"
"அதுக்குத்தான் காத்திருக்கோம்."

14-11
குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள், அப்படியிருந்தால் நுரையீரலுக்குள் காற்று நன்றாகப் போகுமாம். முதுகு மட்டும்தான் தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

17-11
"அக்கா, ஆக்சிஜனைக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கோம், தாங்கறாரு" என்றாள் நர்ஸ் உண்ணாமலை. கம்மி — அந்த வார்த்தை இவ்வளவு இனிக்கும் என்று யார் நினைத்தது?

18-11
இன்னும் கம்மி.

23-11
குழாயை எடுத்துவிட்டார்கள். குரலே இல்லை, வெறும் காற்று. குனிந்து காதை வைத்தேன்.
"ஆடு பொழைச்சிதா?"
ஆடாம் ஆடு! நான் இங்க செத்துப் பொழைச்சேன், இந்த மனுசனுக்கு ஆடு! வராந்தாவுக்கு வந்து அழுது தீர்த்தேன். ஆதிமூலம் பயந்துபோய் ஓடிவந்தான். "ஒண்ணுமில்லடா, உங்கண்ணன் பேசிட்டாரு" என்றேன்.

20-12
வீட்டில் இருக்கிறோம். வாசல் வரை நடந்தார். உட்கார்ந்தார். மறுபடி நடந்தார். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் தெளிந்து வருகிறதாம், மெதுவாகத்தான் ஆகும் என்கிறார் டாக்டர். ஆகட்டும்.

4-3-1999
வேங்கிக்கால் பஸ் கிளம்பிவிட்டது. "ஏ டீச்சரு, சாப்பாட்டை உட்டுட்டு போற!" என்று பின்னால் ஒரே கத்தல். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்டக்டர் விசில் அடித்தார். இவர் சைக்கிளில் துரத்தி வந்து, டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டி, காரக்குழம்பு சிந்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.