நோ ப்ராப்ளம் என்று சொன்னவருக்கு

அன்புள்ள உங்களுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "நோ ப்ராப்ளம்" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் சமையலறையில் சொட்டுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைத்திருக்கிறேன். வீட்டு ஓனரிடம் கேட்டால், "உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேம்மா, மெதுவா பாக்கலாம், நோ ப்ராப்ளம்னுட்டாரே" என்கிறார். நனைவது யார் தலை? வீடு மாறும்வரை கட்டிலையும் பீரோவையும் இங்கே போட்டு வைக்கலாமா என்று உங்கள் அக்கா கேட்டதற்கும் அதே பதில்தான். கூடத்தில் நான் ஒருக்களித்து நடக்கிறேன். ஊருக்கெல்லாம் நல்லவர் நீங்கள். அந்த நல்ல பெயருக்கு உழைப்பவள் நான்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நேற்று, அங்கே உங்களோடு வேலை பார்க்கும் வெல்டரின் மனைவி, நான் வேலைக்குப் போகும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். யாருடைய ஃபிரேமுக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் லீவுன்னாங்களாம். எனக்கு நோ ப்ராப்ளம், அவன் போகட்டும்னு அண்ணன் விட்டுக்குடுத்துட்டாராம்" என்று நன்றி சொன்னாள். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து வைத்தேன். திருகாணி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

அந்த லீவு உங்களுடையதா, தூக்கிக் கொடுக்க? அது நம் மகளுடையது. காதுக்குப் பின்னால் எலும்பு வரை சீழ் இறங்கியிருக்கிறது, மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் காது கேட்காமலே போகலாம் என்று டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் உங்களுக்குச் சொன்னேன். தேதி குறித்ததே நீங்கள் வரும் நாளைப் பார்த்துத்தான். விட்டுக்கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, பிறகாவது சொல்லவும் தோன்றவில்லை.

இன்று அவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மாற்றி மாற்றிக் குத்தினாள். பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. "வலிக்குதாடா கண்ணு" என்று கேட்டால், நம் வாயாடி "நோ ப்ராப்ளம்" என்கிறாள். எவ்வளவு சமத்து என்று நர்ஸ் மெச்சினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வயதுப் பிள்ளை வலித்தால் கத்த வேண்டும். இவள் கத்தாமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பா வருவாரா என்று வழியெல்லாம் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

கையெழுத்துப் போட்டு அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அந்தக் கதவுக்கு வெளியே தனியாக உட்கார என்னால் முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மேனேஜரிடம் போங்கள். "பொண்ணுக்கு ஆபரேஷன், நான் போயே ஆகணும்" என்று சொல்லுங்கள். முடியாது என்பார். அப்போது உங்கள் வாயில் அந்த இரண்டு வார்த்தை வரும். விழுங்கிவிட்டு, அங்கேயே நில்லுங்கள்.

சாரம் ஏறும்போது பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுசாக வந்து சேருங்கள்.

கோபம் ஆறாமல், வழி பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி