கம்ப்யூட்டரை அணைக்காதீங்க

என்னங்க,

கம்ப்யூட்டர் ஆன் ஆக இம்புட்டு நேரம் ஆகுறதுக்கு நான் லினக்ஸ் போட்டதுதான் காரணம்னு நேத்து சத்தம் போட்டீங்க. காலையில எது இழுக்குதுன்னு பார்த்தேன். லினக்ஸ் இல்லங்க, ஹார்ட் டிஸ்க் போகப் போகுது. உள்ள டக்கு டக்குன்னு அடிக்குது. உங்க தீசிஸ் முழுக்க அதுலதான இருக்கு!

பென்டிரைவ்ல காப்பி ஓடிக்கிட்டிருக்கு. அணைச்சா மறுபடி ஆன் ஆகுமான்னு தெரியல, தொடாதீங்க. மேலூர்ல பரீட்சை டியூட்டி, போகாம இருக்க முடியல. ரசம் அடுப்பு மேல இருக்கு.

காப்பி முடிஞ்சதும் போன் பண்ணுங்க.

ரூத்

காப்பி நடுவுல நின்னுட்டா மட்டும் போன்ல சொல்லாதீங்க. பஸ்ல தனியா உக்காந்து அதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.