தோற்ற மன்னர் தம் கையால் முரசறைந்த செய்தி

மழை பொய்யாதிருக்க. வெயில் அளவோடு காய்க. செங்கழனி நாட்டின் காவலரும், ஏழு குன்றங்களின் தலைவரும், யானை மீதிருந்து இருமுறை மட்டுமே விழுந்தவருமாகிய பெருஞ்சாத்தர் அரண்மனையிலிருந்து, அவர் வேண்டா என்று குடத்தில் ஓலையிட்ட பலருக்கும், வேண்டும் என்று இட்ட சிலருக்கும், ஓலைநாயகம் உதிரன் எழுதி விடுப்பது.

ஆறாண்டுக்கு ஒருமுறை ஓலையிட்டு நாடாள்பவரைத் தேரும் நம் வழக்கின்படி, சென்ற முழுநிலா நாளில் குடம் கவிழ்க்கப்பட்டதும், ஏரி மதகு காக்கும் காரிநங்கை வென்றதும் யாவரும் அறிந்ததே. மன்னர் மட்டும் அறிய மறுத்தார். ஓலைகளை மும்முறை எண்ணச் சொன்னார். எண்ணுந்தோறும் தமக்கு ஒன்று குறையக் கண்டு, நான்காம் முறையைப் பெருந்தன்மையுடன் கைவிட்டார். கறையான் தேர்ந்தெடுத்து மன்னர் ஓலைகளையே தின்றது என்று அமைச்சர் ஆய்ந்து சொல்ல, கறையானைச் சிறைப்பிடிக்க ஆணை பிறந்தது. அதுவும் கைகூடாமையால், காய்ச்சல் என்று போர்வைக்குள் போனார்.

இங்குதான் சிக்கல். தோற்றவர் தம் கையால் முரசறைந்து, நான்கு தெருமுனைகளில் தம் வாயால் தோல்வியைச் சொன்னாலன்றி வென்றவர் முடி சூடல் ஆகாது. அதுவரை பழைய ஆணை செல்லாது. புதிய ஆணை பிறவாது. ஏரி நிறையத் தண்ணீர் நிற்க, மதகு திறக்க ஆணையிடுவார் இன்றி, நாற்றங்காலில் நாற்று மஞ்சளித்தது. ஒன்பது நாள் போர்வை விலகவில்லை.

உள்ளே மன்னரை வருத்தியது அரியணை அன்று. வெற்றி உலாவில் யானை மேலிருந்து கையசைக்க ஒரு மாதம் கண்ணாடி முன் பழகியிருந்தார். அந்தக் கை இப்போது தூக்கத்திலும் தானாக அசைந்தது.

பத்தாம் நாள் காலை பட்டத்தரசி ஆவுடைநங்கை போர்வையை உருவி, "எழுந்திரும். இது காய்ச்சல் இல்லை, மானம் போன சூடு. நானும் அந்த மதகுக்காரிக்குத்தான் ஓலை போட்டேன். கிழக்கு வாய்க்காலைத் தூர் வாரும்னு ஆறு வருஷமா சொன்னேனே, காதுல விழுந்துதா?" என்று பணிவுடன் விண்ணப்பித்தார். மன்னர் எழுந்து உட்கார்ந்தார். பின்பு முரசு எங்கே என்று கேட்டார்.

முதல் தெருமுனையில் முணுமுணுத்தார். அப்பம் சுடுபவள் ஒருத்தி, "ராசா, பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல!" என்றாள். இரண்டாவதில் குரல் எழும்பியது. மூன்றாவதில், பழகி வீணான அந்தக் கை தன் வேலையைக் கண்டுகொண்டது. கோல் சுழன்றது, முரசு அதிர்ந்தது. நான்காவதில், "நான் தோற்றேன்! நன்றாகவே தோற்றேன்! காரிநங்கை வென்றாள்!" என்று அவர் முழங்க, மாடிகள் நிறைந்து ஊர் ஆர்ப்பரித்தது. ஆறாண்டு ஆட்சியில் கேளாத ஆரவாரம் அது. "இன்னொரு தடவை தோத்துட்டேன்னு சொல்லுங்க!" என்று கேட்டவருக்காக ஐந்தாம் தெருமுனைக்கும் எழுந்தருளினார். அது வழக்கில் இல்லை.

சேற்றுக் காலோடு வந்து நின்ற காரிநங்கையார், "முரசு நல்லா அடிக்கிறீங்க ஐயா. அடுத்த தடவையும் நீங்களே வந்துடுங்க" என்றார். மன்னர் சிரித்துவிட்டார். பத்து நாளில் முதற் சிரிப்பு என்று அரண்மனை மருத்துவர் குறித்துக்கொண்டார்.

ஆதலின் நாட்டீர் அறிக. முடி சூட்டியாயிற்று. புதிய அரசியாரின் முதல் ஆணைப்படி மதகு திறந்தாயிற்று. நாற்றைப் பறித்து நடுக. பிடிபடாத கறையானையும் விடுதலை செய்க. கண்டோர் காணாதோர்க்குப் படித்துக் காட்டுக.

இவ்வோலையின் கீழுள்ளது பெருஞ்சாத்தர் தம் கையால் இட்ட கடைசி முத்திரை. அது கோணலாயிருப்பது முரசறைந்த கை நடுங்கியதால். கண்ணீர் மறைத்ததால் அன்று. அவ்வாறே எழுதுக என்பது அவர்தம் கடைசி ஆணை. எழுதினேன்.