இகுச்சி வீட்டைத் தாண்டிப் போன அட்டை

நவம்பர் 4, செவ்வாய்

குப்பை வண்டி எங்கள் தெருமுனையில் தீப்பிடித்தது. எரிக்கும் குப்பைக்கான பையில் யாரோ மேசை அடுப்பின் காஸ் குப்பியைப் போட்டிருக்கிறார்கள். வண்டிக்காரர் ஒருவருக்குக் கை வெந்துவிட்டது. பாவம்.

கல்லூரியில் இன்று நான் நடத்திய பாடம், குற்றத்தால் சமூகத்துக்கு என்ன பயன் என்பது. "ஒருவனைக் குற்றவாளி என்று சுட்டும்போதுதான் மற்றவர்கள் நெருங்கி நிற்கிறார்கள்" என்றேன். மாணவர்கள் மும்முரமாகக் குறித்துக்கொண்டார்கள்.

நவம்பர் 7

வீடு வீடாகக் கைமாறிப் போகும் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டை வந்தது. கருகிய குப்பியின் படம். குப்பியின் அடியில் பேனாவால் 10/26 என்று தேதி, அக்டோபர் 26.

என் கையெழுத்து. குப்பியைத் திறக்கும் நாளை அதன் அடியில் எழுதிவைக்கிற கிறுக்கு இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். அன்று காலை அவசரத்தில், காஸ் மிச்சம் இருக்கிறதா என்று குலுக்கிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுவிட்டேன். ஐயோ.

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம். சாக்கடை சுத்தம் என்றால் நாலு பேர் வருகிற தெருவில் இன்று முப்பது பேர். வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள்.

சங்கத் தலைவி ஹொரியே அம்மா, "வேற யாரு? அந்த இகுச்சிதான். தனிக்கட்டை, ராத்திரி வேலை. ஒரு நாளாவது மண்வெட்டியைத் தொட்டிருக்கானா?" என்றார்.

இகுச்சி என் பக்கத்து வீட்டுக்காரர். கூட்டத்துக்கு வரவில்லை.

"நீங்க சொல்லுங்க புரொபசரம்மா!"

"ஆதாரம் இல்லாம..." என்று இழுத்தேன். அவ்வளவுதான். எனக்கு வாய் இருந்ததா, இல்லையா?

நவம்பர் 16

அடுத்த அட்டை. வழக்கமாக நான் அதை அடுத்த வீடான இகுச்சி வீட்டில் கொடுக்க வேண்டும். மேலே ஒரு சீட்டு: 'உங்களுக்கு அடுத்து மிசுகாமி வீடு.' இகுச்சியின் வாசலைத் தாண்டி நடந்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"குளிர் ஆரம்பிச்சிருச்சுங்க."

"ஆமாங்க."

தூ! நானும் ஒரு மனுஷி.

நவம்பர் 17

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 22

சொல்லிவிட்டேன். ஹொரியே அம்மா வீட்டில், நாலு பேர் முன்னால். "குப்பி என்னுது. அந்தத் தேதி என் கையெழுத்து."

ஹொரியே அம்மா ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்தார். "இவங்க மனசைப் பாருங்களேன்! அந்த ஆளுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க."

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் மிசுகாமி. எனக்கு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினார்கள்.

பேனா கேட்டு எழுதிக் காட்டியிருக்கலாம். தீயணைப்பு நிலையத்துக்குப் போயிருக்கலாம். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது. அதுதான் அசிங்கம்.

டிசம்பர் 20

இகுச்சி வீட்டைக் காலி செய்துவிட்டார். வீடு மாறுகிறவர்களின் வழக்கப்படி வீடு வீடாக ஒரு கைத்துண்டு கொடுத்து விடைபெற வந்தார். பல கதவுகள் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"இத்தனை நாள் ஏதாவது தொந்தரவு கொடுத்திருந்தா மன்னிச்சிருங்க" என்று குனிந்து வணங்கினார்.

துண்டை வாங்கிக்கொண்டேன். நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

சாக்கடை சுத்தம். நாலே பேர்.

"இகுச்சி இருந்தப்ப எத்தனை பேரு கூடினாங்க!" என்று ஹொரியே அம்மா பெருமூச்சு விட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "அந்த வீட்டுக்குப் புதுசா வந்திருக்காளே, கைக்குழந்தைக்காரி. பால் டப்பாவைக் கழுவித்தான் குப்பையில போடணும்னு விதி, கழுவாமலே போடுறா. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன்.

"ஆமா" என்றேன்.